அம்ப் வாங்க முதல் கடைசி வாங்கில் போய் இருங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நாலு நாளாக எங்கள் பேட்ச் வட்ஸ்அப் குரூப்பில் ஓடிக்கொண்டிருக்கும் விவாதத்துக்கு அங்கேயே பதில் எழுதத்தான் பார்த்தேன். வொய்ஸ் மெசேஜ்களுக்கு நடுவே எழுதியதெல்லாம் மேலே போய் மறைந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். வேறு பாடசாலைகளிலும் மத்ரஸாக்களிலும் இதே வேலையில் இறங்கியிருப்பவர்களுக்கும் உதவலாம்.

எங்கள் 2006 ஓஎல் பேட்ச் பாடசாலைக்கு ஒலிபெருக்கித் தொகுதி ஒன்று செய்து கொடுக்க முடிவெடுத்திருக்கிறது. மாஷா அல்லாஹ், காசில் பெரும்பங்கு கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் நண்பர்களுடையது. ஸதகா ஜாரியா என்ற நிய்யத்தில் கொடுக்கிறார்கள். அந்த நிய்யத்தில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. குரூப்பில் வாக்கெடுப்பு வைத்து, 500 வொட் மிக்ஸர் அம்ப்ளிஃபயர் ஒன்று, மொட்டை மாடியில் நாலு பெரிய ஹோர்ன் என்று முடிவாகிவிட்டது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. அது என்னுடையது. "படிப்பிக்கிறவனுக்கே பாடசாலைக்கு நல்லது செய்ய விருப்பமில்லையா சேர்?" என்று ஒருவன் சிரிப்பு இமோஜி போட்டிருந்தான். மச்சான், அதற்குத்தான் இந்தப் பதில்.

போன மாரியில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பதினொரு மணியளவில் மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் முன்கேட் பக்கம் தண்ணீர் ஏறத் தொடங்க, நேரத்தோடு விடுவோம் என்று தீர்மானிக்கப்பட்டது. மைக்கில் சொல்லப்பட்டது இதுதான்: தரம் ஆறுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் பெற்றோர் வரும்வரை வகுப்பிலேயே இருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவு எங்கள் வளவின் கடைசியில், தகரக் கூரைக் கட்டடத்தில். அங்கே போய்ச் சேர்ந்தது "வீட்டுக்குப் போகலாம்" மட்டும்தான். இரண்டாம் தரப் பிள்ளை ஒன்று பையைத் தூக்கிக்கொண்டு பின்கேட்டால் போய்விட்டது. முக்கால் மணித்தியாலம் தேடினோம். சந்திப் பக்கம் ஒரு கடைக்கார நானா உள்ளே கூப்பிட்டு, துவாயால் தலையைத் துடைத்து, பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து இருத்தி வைத்திருந்தார். அல்ஹம்துலில்லாஹ். அதற்கிடையில் அந்தப் பிள்ளையின் உம்மா ஒஃபிஸ் வாசலில் நின்ற நிலையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

அன்று மேடையருகே இருந்த அம்ப் 250 வொட். முழுச் சத்தத்தில்தான் இருந்தது. ஒஃபிஸில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். வொட் குறைந்ததால் வந்த பிரச்சினை இல்லை இது. அதனால்தான் 250ஐ 500 ஆக்குவோம் என்று கேட்கும்போது என்னால் கை உயர்த்த முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். அம்ப்பின் வொட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல். கவனமாகக் கேட்டால்தான் "கொஞ்சம் கூடியிருக்கிறது போல" என்று தோன்றும் அளவு அது. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வொட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரிலிருந்து 40 மீற்றரில் நிற்பவர் 80 மீற்றருக்குப் போனால் திறந்த வெளியிலேயே 6 டெசிபல் குறைந்துவிடும். அதாவது நாம் இவ்வளவு காசு கொடுத்து வாங்கும் இரட்டிப்பு வொட், இரட்டிப்புத் தூரத்தில் இழப்பதில் சரியாகப் பாதி டெசிபலைத்தான் மீட்டுத் தரும். அதற்கு மேல் தகரத்தில் விழும் மழை இருக்கிறது. தூரத்தை வொட்டால் வெல்ல முடியாது. ஸ்பீக்கரைப் பிள்ளைக்குக் கிட்டக் கொண்டுபோவதுதான் வழி.

நாலு ஹோர்ன் வைத்தால் நாலு பக்கமும் கேட்கும்தானே என்கிறார்கள். சத்தம் கேட்கும், பேச்சு விளங்காது. எங்கள் ஊர் வெக்கையில் ஒலி ஒரு செக்கனில் ஏறக்குறைய 350 மீற்றர் போகும். இரண்டு ஹோர்ன்களுக்கும் நீங்கள் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூர வித்தியாசம் 70 மீற்றர் என்றால், ஒரே சொல் 0.2 செக்கன் இடைவெளியில் இரண்டு தடவை வந்து விழும். சாதாரணமாகப் பேசும்போது ஓர் அசை சொல்ல எடுக்கும் நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே இரண்டாவது அசையின் மேல் முதல் அசையின் எதிரொலி வந்து ஏறிக்கொள்கிறது. பெருநாள் தொழுகைக்கு மைதானத்தில் பின்னால் நின்று குத்பா கேட்டவர்களுக்கு இது தெரியும்.

தமிழில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பேச்சில் நாங்கள் சொல்வது "ஒண்டு", "மூண்டு". முன்னால் இருக்கும் அந்தச் சின்ன "ம்" கேட்காவிட்டால் தரம் ஒன்றா மூன்றா என்று யாருக்கும் தெரியாது. மெய்யெழுத்துகள்தான் முதலில் தொலையும், உயிரொலி மட்டும் "ஊ... ஆ..." என்று வந்து சேரும். சத்தத்தைக் கூட்டினால் அந்த "ஊ"தான் கூடும்.

சரி, வேறு என்ன செய்யலாம்? ஒவ்வொரு வகுப்பறைக்கும் ஒரு சின்னச் சுவர் ஸ்பீக்கர். பெரிய ஹோட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் இருக்கும் முறை இதுதான். "அவ்வளவு தூரம் வயர் இழுத்தால் சத்தம் செத்துப் போகுமே சேர்" என்று வயரிங் செய்யும் தம்பி ஒருவர் கேட்டார். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் அவர் சொல்வது சரி. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரை 100 மீற்றர் இழுத்தால், போக வர 200 மீற்றருக்கு ஏறக்குறைய 2.4 ஓம் தடை. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை அதன் முனையில் கட்டினால் அம்ப் கொடுக்கும் சக்தியில் கால்வாசிக்குக் கிட்ட வயரிலேயே போய்விடும்.

இதற்குத்தான் 100 வோல்ட் லைன் என்ற முறை. பதினோராம் தர விஞ்ஞானம் படித்தவர்களுக்கு விளங்கும். மின்சார சபை ஏன் 132,000 வோல்ட், 220,000 வோல்ட் என்று கம்பியில் அனுப்பிவிட்டு ஊருக்குள் வந்ததும் ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து 230க்கு இறக்குகிறது? வோல்ட்டை உயர்த்தினால் அதே சக்திக்குக் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் வயரில் வீணாவதும் குறையும். அதே வேலையைத்தான் இந்த அம்ப் செய்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குள்ளும் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கும். அதே வயர், அதே 100 மீற்றர், 120 வொட் சுமை என்று வைத்துக்கொண்டால் 100 வோல்ட் லைனில் இழப்பது 3 வீதத்துக்கும் குறைவு. அத்தோடு ஒரே சோடி வயரில் வரிசையாக எத்தனை ஸ்பீக்கரையும் கட்டிக்கொண்டு போகலாம். ஓம் கணக்குப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை, வொட்டைக் கூட்டினால் போதும்.

கூட்டிக் காட்டுகிறேன். இந்த ஸ்பீக்கர்களில் 6, 3, 1.5 வொட் என்று டெப் இருக்கும், விரும்பியதில் கட்டலாம். எங்களிடம் 24 வகுப்பறை. சீலிங் அடித்த, ஓடு போட்ட 20 வகுப்புக்கு 3 வொட் படி 60. தகரக் கூரையுள்ள 4 வகுப்புக்கு 6 வொட் படி 24. விறாந்தைகளுக்கு நாலு, 6 வொட் படி 24. மைதானத்துக்கு மட்டும் சின்ன ஹோர்ன் இரண்டு, 15 வொட் படி 30. மொத்தம் 138 வொட். அம்ப்பை எப்போதும் மூச்சு முட்ட ஓட விடக்கூடாது, ஆகவே கால்வாசி கூட்டுங்கள். 172 சொச்சம். நாளைக்கு இரண்டு வகுப்பறை கூடக் கட்டினாலும் 240 அல்லது 250 வொட் அம்ப் தாராளம். 500 எங்கிருந்து வந்தது என்று நான் குரூப்பில் கேட்டதற்கு இதுவரை வந்த ஒரே பதில், பக்கத்து ஊர்ப் பாடசாலையில் 400 இருக்கிறது என்பதுதான்.

ஆக, அம்ப் கடைசியில் தெரிவு செய்ய வேண்டிய சாமான். எத்தனை ஸ்பீக்கர், எங்கே, ஒவ்வொன்றும் எத்தனை வொட் என்று எழுதிய பிறகு அதன் அளவு தானாக வந்துவிடும். அளவு வந்த பிறகு முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்து வாங்க வேண்டும். அஹுஜாவா டோவாவா என்று சண்டை பிடிக்கிறார்கள். இரண்டுமே இந்த வேலைக்கென்று செய்கிற கம்பனிகள். நான் பார்க்கச் சொல்வது வேறு.

முதலாவது, மைக்குக்கு முன்னுரிமை. ஒரு மைக்கில் பேசத் தொடங்கியதும் மற்றதெல்லாம் தானாகத் தணிய வேண்டும், பேசி முடிந்ததும் திரும்பி வர வேண்டும். காலையில் கிராஅத் ரெக்கோடிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் அவசர அறிவித்தல் என்றால், ஓடிப்போய் எந்தக் குமிழைக் குறைப்பது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. இந்த வசதி இல்லாத அம்ப்பை இனாமாகத் தந்தாலும் நான் வேண்டாமென்பேன்.

இரண்டாவது, பிரிவு பிரிவாகத் திறந்து மூடும் சுவிட்ச். எங்களுக்கு மூன்று போதும்: ஆரம்பப் பிரிவு, மேற்பிரிவு, மைதானம். மேற்பிரிவில் தவணைப் பரீட்சை நடக்கும்போது மைதானத்தில் இல்ல விளையாட்டுப் பயிற்சி அறிவித்தல் ஏன் பரீட்சை மண்டபத்துக்குள் வர வேண்டும்? தரம் ஒன்று பிள்ளைகளுக்குச் சொல்லும் விஷயத்துக்காக ஏன் 24 வகுப்பிலும் பாடத்தை நிறுத்த வேண்டும்? ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாடத்தின் நடுவே வாயை மூடிக்கொண்டு நிற்கிறோம் என்று எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். ஒலிபெருக்கி நல்லதாகும்போது அதைக் கண்டபடி பாவிக்கும் ஆசையும் கூடும். அதிபர் கோபிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

மூன்றாவது, என் மனதில் இதுதான் முதலாவது. பின்பக்கத்தில் 24 வோல்ட் பெட்டரி கட்டும் டெர்மினல். 12 வோல்ட் பெட்டரி இரண்டைத் தொடராகக் கட்டினால் கரண்ட் இல்லாமலும் அம்ப் வேலை செய்யும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதை விடுங்கள். அறிவித்தல் உண்மையிலேயே அவசரமாகும் நாள் எது? மழை, புயல், வெள்ளம். அந்த நாட்களில்தான் முதலில் கரண்ட் போகும். நாங்கள் இருப்பது கிழக்குக் கரையில். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயாவும் கூட. கரையோரப் பாடசாலைகளில் அன்று பிள்ளைகள் இருக்கவில்லை. அது ஒரு திங்கட்கிழமை காலையாக இருந்திருந்தால் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. எங்கள் பேட்ச்சில் அந்தக் கடலுக்கு உறவைக் கொடுக்காதவர்கள் எத்தனை பேர்? 500 வொட்டுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசில் பெட்டரி இரண்டையும் சார்ஜரையும் வாங்குவோம் என்கிறேன், அவ்வளவுதான்.

புளூடூத் பற்றி ஒரு வார்த்தை. குரூப்பில் எல்லோருக்கும் அது வேண்டுமாம். நான் வேறு பாடசாலையில் இருந்தபோது ஒருநாள், போனை இணைத்து ஹம்து போட்டுவிட்டுத் துண்டிக்க மறந்துவிட்டார் ஓர் ஆசிரியர். கொஞ்ச நேரத்தில் அவருடைய வீட்டிலிருந்து வந்த வொய்ஸ் மெசேஜ் பாடசாலை முழுக்க ஒலித்தது. மீன் வாங்கி வரச் சொல்லித்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் எந்த மீன், போன தடவை வாங்கி வந்தது எப்படி இருந்தது என்பது வரை பிள்ளைகள் கேட்டார்கள். பென் டிரைவ் போடும் இடம் இருந்தால் போதும்.

பின்னணி இசை என்ற சொல்லைக் கண்டதும் சிலர் கொமெண்டுக்கு வருவீர்கள் என்று தெரியும். இந்த மாதிரி அம்ப்களை விற்பவர்கள் அறிவித்தலுக்கும் பின்னணி இசைக்கும் என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். ஆசிரியராக என் கருத்து, இடைவேளை இருபது நிமிடத்திலும் எதையாவது ஒலிக்க விடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். அது கிராஅத்தாக இருந்தாலும் சரி. ஓதும்போது வாய்மூடிக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்துவிட்டு, பிள்ளைகள் கத்தி விளையாடும் நேரத்தில் அதை ஓட விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காலைக் கூட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம், பிறகு பாடவேளை மணி. மிச்ச நேரம் அது மௌனமாக இருக்கட்டும்.

பக்கத்து வீட்டாரையும் கொஞ்சம் நினைப்போம். ஒலிபெருக்கிச் சத்தம் தொடர்பாக 2007இல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையான நேரத்தைப் பற்றியது மட்டுமல்ல. பகல் நேரத்துக்கும் அதில் கட்டுப்பாடு உண்டு. மொட்டை மாடியிலிருந்து நாலு தெருவுக்கும் "ஒன்பது பீ வகுப்புத் தலைவர் ஒஃபிஸுக்கு வரவும்" என்று கேட்க வேண்டுமா? மதிலுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தையும் இருக்கும், நோயாளியும் இருப்பார்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். நான் சொல்லும் முறையில் வேலை கூட. காசில் பெரும்பகுதி அம்ப்புக்குப் போகாது, வயர், குழாய், ஸ்பீக்கர், கூலி என்று போகும். இரண்டு நாளில் கொண்டுவந்து மாட்டிவிட்டு ஃபோட்டோ எடுக்க முடியாது. 100 வோல்ட் லைன் கையில் பட்டால் அடிக்கும், ஆகவே பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ஒழுங்காகப் போக வேண்டும். தெரியாத ஒருவர் சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை அந்த லைனில் கட்டினால் அது கருகும், அம்ப்பும் சேர்ந்து போகலாம். கரண்ட் வயரோடு மைக் வயரைச் சேர்த்து இழுத்தால் நாள் முழுக்க "ம்ம்ம்" என்று இரையும். இதெல்லாம் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடற்காற்றில் டெர்மினல் துருப்பிடிக்கும், வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஹோர்ன் என்றால் ஊருக்கே தெரியும். வகுப்பறைச் சுவரில் இருக்கும் சின்னப் பெட்டி யாருக்கும் தெரியாது. பேட்ச் பெயரை அதில் எழுதவும் இடமில்லை. ஸதகா ஜாரியாவுக்குப் பெயர்ப்பலகை எதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. வேண்டுமானால் அம்ப் வைக்கும் அலுமாரிக் கதவில் பெரிதாக எழுதிக்கொள்வோம்.

பழைய 250 வொட் அம்ப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். பின்னால் திருப்பிப் பார்த்தேன், அதிலும் 100 வோல்ட் டெர்மினல் இருக்கிறது. இத்தனை வருடமாக யாரும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. முன்னுரிமையும் பிரிவுச் சுவிட்சும் இல்லாததால் அன்றாட வேலைக்கு உதவாது. புதியது பழுதானால் மாற்றுக்கும், விளையாட்டுப் போட்டிக்கும் அது இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கொட்டேஷன்களோடு கூடுகிறோம். அதற்கு முதல் ஒரு வேண்டுகோள். வியாழக்கிழமை பாடசாலை விட்ட பிறகு உள்ளூரில் இருப்பவர்கள் நாலு பேர் வாருங்கள். பழைய அம்ப்பையே முழுச் சத்தத்தில் வைப்போம். ஒருவர் மைக்கில் தரம் ஒன்றிலிருந்து பதினொன்று வரை ஒழுங்கு மாற்றி இருபது தடவை சொல்லட்டும். மற்ற மூவரும் ஆரம்பப் பிரிவில் கடைசி வாங்கில் இருந்து, கேட்டதைக் கேட்டபடி எழுதட்டும். மழைக்குப் பதிலாகத் தகரத்தில் பைப் தண்ணீர் அடிக்க நான் ஆள் ஏற்பாடு செய்கிறேன். எழுதிய தாளையும் சொன்ன தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபோட்டோ எடுத்து குரூப்பில் போடுவோம். கட்டார்காரர்களும் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இன்னொரு தடவை வாக்கெடுப்பு வையுங்கள்.